மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பீலிக்கரைகள் விடியுமுன்பே விழித்துக்கொள்ளும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, நமுனுகுல என்று எந்தப் பக்கம் போனாலும் கறுப்பு வேட்டியும் துளசி மணியுமாக ஆட்களைக் காணலாம். பனி கொட்டும் நான்கு மணிக்குப் பீலித் தண்ணீரில் தலை முழுகிவிட்டு, சரணம் சொல்லிக்கொண்டே லயத்துக்குத் திரும்புவார்கள். அவர்களில் சிலர் ஐப்பசி முடியும்வரை தவறணை வாசலில் நின்றவர்கள். ஐயப்பனுக்கு மாலை போட்ட நாளிலிருந்து ஒரு சொட்டும் தொடுவதில்லை. தவறணைக்குப் போகும் குறுக்குப் பாதையையே தவிர்த்துவிடுகிறார்கள். வீட்டில் ஒரு மண்டலம் சத்தமில்லை. அரிசியும் மாவும் மாதக் கடைசிவரை நிற்கின்றன. பிள்ளைகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள்.

மண்டலம் முடிகிறது. மாலையைக் கழற்றுகிறார்கள். அந்த வாரத்திலேயே, சிலர் அன்றைக்கே, பழைய இடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

"சாமிக்குப் பயந்து ஒரு மண்டலம் இருக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு, மத்த நாளு இருக்கத் தெரியாதா?"

மலையகத்தில் எத்தனையோ பெண்கள் இதைக் கேட்டிருப்பார்கள். ஆற்றாமையில் வருகிற பேச்சு அது. பதிலை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. ஆனால் அதற்குள் உண்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. அதனோடு சற்று நேரம் அமைதியாக இருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பயம்தான் அவரை நிறுத்தி வைத்தது என்று எல்லோரும் நினைக்கிறோம். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். எனக்கு அது முழு உண்மையாகத் தெரியவில்லை. மாலை போட்டிருந்த நாட்களில் ஊரே அவரைச் 'சாமி' என்று கூப்பிட்டது. நேற்றுவரை ஏசிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளைகூட மலையில் "சாமி, இப்படி வாங்க" என்றார். நா வறண்டு கால் தானாகத் தவறணைப் பக்கம் திரும்புகிற அந்தி வேளையில் கோயிலில் பஜனை இருந்தது. அதே விரதத்தில் இருக்கும் இன்னும் பலர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அடுத்து என்ன செய்வது என்ற தடுமாற்றம் இல்லாத ஓர் ஒழுங்கு இருந்தது. மாலையைக் கழற்றியபோது சாமி பயத்தோடு சேர்த்து மதிப்பும் துணையும் ஒழுங்கும் ஒரே நாளில் கழன்றுவிட்டன. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவர் தனியாக இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மண்டலம் வெளியே காத்திருந்த பழைய பயங்கள் எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன.

சாமி பயம் கையைத் தடுக்கும். உள்ளே ஏற்கெனவே குடியிருக்கும் பயங்களை அது ஒன்றும் செய்வதில்லை. குடிப்பவரோ அந்தப் பயங்களுக்காகத்தான் குடிக்கத் தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போவது தவறாகிவிடும். ஆண்டுக்கணக்காக நாள் தவறாமல் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு ஆபத்தான நிலைக்குப் போகலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும். லயத்தில் இதைப் 'பேய் பிடிச்சிருச்சு' என்று வேப்பிலை அடிக்கப் பார்ப்பார்கள். உயிரே போகக்கூடிய நிலை அது. ஆஸ்பத்திரியில் அதற்கு மருந்தும், தயமின் என்ற பி1 விட்டமினும் கொடுத்துப் பத்திரமாகக் கடத்திவிடுவார்கள். விரதம் தொடங்க நினைப்பவர் முதலில் வைத்தியரைப் பார்ப்பதில் சாமிக்கு எந்தக் குறையும் இல்லை. உடம்பின் நடுக்கத்தை வைத்தியத்திடம் ஒப்படைத்த பிறகே மனதின் நடுக்கத்தோடு உட்கார முடியும்.

ஊவாத் தோட்டங்களில் அந்த மனநடுக்கம் ஒரு தலைமுறையில் வந்ததல்ல. கடனைத் துண்டில் எழுதி, ஆளையே கடனோடு சேர்த்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்குமுன் எத்தனை பேர் தாம் வாங்காத கடனுக்குப் பயந்து செத்திருப்பார்கள்? 1948இல் குடியுரிமை போனது. 1964இல் இரண்டு பிரதமர்கள் போட்ட ஒப்பந்தத்தில், யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று இலட்சக்கணக்கில் பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆனது. இதே காலம் முழுவதும் சாராயம் மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. ஆங்கிலேய அரசு சாராயக் குத்தகையை ஏலம் விட்டுக் காசு பார்த்தது. 1912இல் வந்த கலால் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. 1927 நவம்பரில் இலங்கை வந்து பதுளைவரை பயணம் செய்த காந்தியடிகள், மலையகத்து மக்களிடம் குடியை விடும்படி கேட்டுக்கொண்டார். இருந்தும் தவறணை இருந்த இடத்திலேயே இருந்தது. சட்டத்துக்கு மறைந்து ஓடைக்கரையில் கசிப்பும் வடிந்தது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காலைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. அதன்பிறகு அடைமழை இரவுகளில் ஊவாவின் சரிவுகளில் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் எரிகிறது என்பதை அங்கே வாழ்பவர்கள் அறிவார்கள். மண்ணைப் பார்த்துப் பயப்படுகிற மனிதன் ஒரு கால் போத்தலில் தூக்கத்தை வாங்குகிறான். அவனை ஏசுவது சுலபம். அவன் எதை மறக்கப் பார்க்கிறான் என்று கேட்பவர் குறைவு.

பசறைப் பக்கத்தில் எனக்கு மாமா முறையான ஒருவர் இருக்கிறார். கவாத்து வெட்டுவதில் கைதேர்ந்தவர். வருடா வருடம் மாலை போட்டு, வருடா வருடம் விழுந்தவர். இப்போது குடியை விட்டுச் சில வருடங்களாகின்றன. எப்படி விட்டீர்கள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாள் அவராகவே சொன்னார்:

"குடிக்கிறப்ப எனக்கு எதுக்குமே பயமில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மருமகனே. தொரையவே ஏசியிருக்கேன்ல. விட்டதுக்கப்புறம் பாத்தா, கடைக்குப் போகப் பயம், பஸ்ல ஏறப் பயம், மகளு மொகத்த நிமிந்து பாக்கப் பயம். குடிச்சது வீரத்துக்கில்ல. பயத்துக்குத்தான்."

அவருக்கு ஆலோசனை சொன்னவர் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறார். மகளின் பழைய கணக்குக் கொப்பி, கட்டம் போட்ட தாள். அதில் பென்சிலால், எழுத்துக் கூட்டி எழுதியிருந்தார். எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டினார். ஒரு வரியில் தான் செய்தது. அதற்குக் கீழே, சற்றுத் தள்ளி, வேறொரு வரி.

'மச்சான்கூடச் சண்டை. தங்கச்சி கல்யாணத்துக்குப் போகல.' கீழே: 'மொய் எழுதக் காசில்ல.'

'கணக்கப்பிள்ளைய ஏசினேன்.' கீழே: 'பேர வெட்டிருவாருன்னு பயம்.'

'மகன் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகல.' கீழே: 'டீச்சர் கையெழுத்து போடச் சொன்னா என்ன செய்ய.'

மச்சானோடு சண்டை என்பதை ஊரே நம்பியிருந்தது. அவரும் நம்பியிருந்தார். அந்தக் கீழ்வரியை எழுதியபோதுதான், இத்தனை வருடம் கோபம் என்று நினைத்தது வெட்கம் என்று அவருக்குத் தெரிந்தது. குடியை விட்ட ஒருவர் தன் குற்றங்களைப் பார்க்கப் பயப்படுவது இயல்பு. பார்த்தால் தாங்கமுடியாது என்று எண்ணுகிறார். ஆனால் பெரும்பாலான குற்றங்களின் அடியில் ஒரு பயம் ஒடுங்கிக் கிடக்கிறது. குற்றத்தை மட்டும் பார்த்தால் மனம் தன்னை வெறுக்கிறது, வெறுப்பு மறுபடியும் தவறணைக்கு வழி காட்டுகிறது. குற்றத்துக்கு அடியில் உள்ள பயத்தையும் சேர்த்துப் பார்த்தால் மனம் இளகுகிறது. செய்தது சரியாகிவிடுவதில்லை. செய்தவரை அணுக ஒரு வழி கிடைக்கிறது.

இந்த எழுத்துப் பயிற்சி மாமாவுக்காகப் புதிதாக உண்டாக்கியதல்ல. 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு ஹோட்டல் முன்மண்டபத்தில் பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குத் தரகர் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த வியாபாரக் காரியம் தோற்றுவிட்டது. மண்டபத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம், சிரிப்புச் சத்தம். மறுபக்கம் ஒரு தொலைபேசியும் அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவருக்கு உடல் நடுங்கும் அளவுக்குப் பயம் வந்தது. தொலைபேசிப் பக்கம் நடந்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று அறிமுகமில்லாதவர்களைக் கேட்டார். அப்படித்தான் அவர் பொப் ஸ்மித் என்ற சத்திர சிகிச்சை வைத்தியரைச் சந்தித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்த வைத்தியர் இரவு வெகுநேரம்வரை பேசிக்கொண்டிருந்தார். வைத்தியர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் திகதியையே 'அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்' என்ற தோழமை தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. இன்று இலங்கையிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன.

அந்தத் தோழமையின் பன்னிரண்டு படிகள் 1939இல் நூலாக வந்தன. நான்காம் படியில், தன் மனக்கசப்புகளையும் பயங்களையும் ஒளிவில்லாமல் எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஐந்தாம் படியில் அதைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் சொல்ல வேண்டும். ஏழாம் படியில் அந்தக் குறைகளை நீக்கும்படி இறைவனைப் பணிவோடு கேட்க வேண்டும். இடையில் ஆறாம் படி ஒன்று இருக்கிறது. அதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. நீக்கிக்கொள்ள மனம் இசைய வேண்டும், அவ்வளவுதான். முதலில் படித்தபோது இதற்கு ஒரு தனிப் படி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. இப்போது பன்னிரண்டிலும் அதுவே கடினமானது என்று நினைக்கிறேன். கோபம் போய்விட்டால் நான் யார்? ஊரில் எனக்கு இருக்கும் ஒரே பிடி அதுதானே? பொய் போய்விட்டால் கடன்காரனிடம் என்ன சொல்வேன்? குறைகள் நம்மைக் காப்பாற்றி வந்தவை. அவற்றை விடப் பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தை அவசரப்படுத்தாமல் அதற்கென்று ஓர் இடமும் காலமும் ஒதுக்கிவைத்த அந்த மனிதர்களை வணங்கத் தோன்றுகிறது.

நம் மரபிலும் இது இல்லாமல் இல்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தை ஒதுக்கினார். அதற்கு வெகு முன்னதாக, நாற்பத்து நான்காவதாக, குற்றங்கடிதலை வைத்துவிட்டார். இந்த வரிசைக்கு உரையாசிரியர்கள் வேறு காரணம் சொல்வார்கள். மதுவோடு போராடும் ஒருவருக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். முதலாவது குடியின் கேட்டைச் சொல்கிறது, அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாவது தன்னைத் தான் பார்ப்பதைச் சொல்கிறது. அதற்குத்தான் துணை வேண்டியிருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதரைப் பற்றி மரபு ஒரு கதை சொல்கிறது. மனம்போன போக்கில் வாழ்ந்து, உடலும் பொருளும் அழிந்து, தன்னைத் தானே தாங்கமுடியாமல் திருவண்ணாமலைக் கோபுரத்தில் ஏறிக் குதித்தார். முருகன் தாங்கிக்கொண்டான். இந்தக் கதையை நாம் அற்புதமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதில் என் மனம் நிற்கிறது. தாங்கப்பட்டவர் தன் கடந்த காலத்தை மறைக்கவில்லை. திருப்புகழில் பாட்டுக்குப் பாட்டு, தான் விழுந்த இடங்களை வெட்கமின்றி முருகன் முன் விரித்து வைக்கிறார். பாதிப் பாட்டு அந்த விழுதல், மீதிப் பாட்டு அவன் புகழ். ஒன்றில்லாமல் மற்றது வரவில்லை. கதிர்காமத்து முருகன் மீதும் அவர் திருப்புகழ் பாடியிருக்கிறார்.

அந்தக் கதிர்காமம் நம் ஊவா மாகாணத்தில்தான், மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. ஆடி வேல் விழாவுக்கு மலையகத்திலிருந்து ஆட்கள் போவது இன்று நேற்றல்ல. மாணிக்க கங்கையில் முழுகி, ஈர உடையோடு சந்நிதிக்கு வந்து நின்றால் அங்கே தெரிவது ஒரு திரைதான். முருகனும் தெய்வானையும் வள்ளியும் தீட்டப்பட்ட திரை. மற்றக் கோயில்களைப் போல மூலமூர்த்தியைக் கண்டு கண்ணில் ஒற்றிக்கொள்ள முடியாது. கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அந்த இடத்தில் பக்தனுக்கு மிஞ்சுவது தன் மனம் மட்டுமே. பெரும்பாலும் நாம் அங்கே நேர்த்தி வைக்கிறோம்: இனிமேல் தொடமாட்டேன், தொட்டால் நீ கேள். அருணகிரியார் வழியில் போனால் இன்னொன்றும் செய்யலாம். இனிமேல் என்பதை விட்டுவிட்டு, இதுவரை என்ன நடந்தது, எதற்குப் பயந்தேன், யாரை நோகடித்தேன் என்று அந்தத் திரைக்கு முன் மெல்லச் சொல்லலாம். நேர்த்தி நாளைக்குக் கட்டுப்பட்டது, அது உடையலாம். சொல்லி முடித்த உண்மை உடைவதில்லை.

பதுளை நகரத்தில் முத்தியங்கன விகாரையில் போயா தினங்களில் வெள்ளை உடுத்திச் சில் எடுக்கும் அயலவர்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். போதைப்பொருளிலிருந்து விலகுவது அவர்களின் ஐந்தாவது சீலம். அதை ஒரு பயிற்சியாக ஏற்கிறார்கள். ஒருமுறை எடுத்ததோடு முடிவதில்லை, மறுபடி மறுபடி எடுக்கிறார்கள். போயாவன்று சட்டப்படி மதுக்கடைகள் பூட்டியிருக்கும். கடை பூட்டியிருப்பதும் மனம் விலகியிருப்பதும் ஒன்றல்ல என்பதை முதல்நாள் மாலையில் கடைவாசலில் நிற்கும் கூட்டம் சொல்லிவிடும். ஆனாலும் ஒரு பயிற்சியைத் தினந்தோறும் புதிதாக ஏற்றுக்கொள்ளும் அந்த முறையில் தோல்விக்கும் இடமிருக்கிறது. நேற்றுத் தவறியவர் இன்று மறுபடி எடுக்கலாம். மாலை போட்டவரிடம் நாம் அந்த இடத்தை விட்டுவைப்பதில்லை. விரதம் முறிந்தால் பாவம், சாமி குற்றம் என்று ஆக்கிவிடுகிறோம். அவரும் எல்லாம் போச்சு என்று மீதியையும் குடித்துவிடுகிறார்.

அந்தி வேளையில் பயம் வரும்போது என்ன செய்வது? மாமா செய்வதை நான் கவனித்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து, கால் கழுவி, சாமி படத்துக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்வார். படத்தில் முருகனின் வலக்கை அபயம் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை எதிரில் இருப்பதை அகற்றுவதில்லை. கடனும் மழையும் நாளையும் அங்கேயேதான் இருக்கின்றன. பக்கத்தில் நானிருக்கிறேன், நீ பார் என்கிறது. மாமா கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சிலா வயிற்றிலா தொண்டையிலா, பயம் எங்கே இருக்கிறது என்று தேடுவாராம். கண்டுபிடித்ததும் மூச்சை அங்கே நிறுத்தி அதன் பெயரைச் சொல்வாராம். "இது சீட்டுக் காசு பயம்." "இது தம்பி வீட்டுக்குப் போகணுமேங்குற பயம்." பெயர் சொன்னதும் அது சிறிதாகிவிடுமா என்று கேட்டேன். "சிறுசாகாது. ஆனா ஒன்னா இருந்தது ஒன்னாவே இருக்கும், பத்தாகாது" என்றார். குடிக்க வேண்டும் என்ற தவிப்பும் அப்படியே. எழும்போது இனி ஓயாது என்று தோன்றும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். அந்த அரை மணியை எதோடும் சண்டை போடாமல் உட்கார்ந்து கழிக்கத் தெரிந்தவருக்கு அந்த நாள் கிடைத்துவிட்டது.

கவாத்து வெட்டும் கையாயிற்றே, ஒரு நாள் வெட்டிக்கொண்டே ஒன்று காட்டினார். மூன்று நான்கு வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்காலளவுக்குத் தறிப்பார்கள். வெட்டிய மலையைப் பார்த்தால் செத்த குச்சிகள் நிற்பதுபோல இருக்கும். அப்படித் தறிக்கும்போது சில செடிகளில் இலையோடு ஒரு கிளையை மட்டும் விட்டுவைப்பது உண்டு. புதுத் துளிர் வரும்வரை செடி மூச்சுவிட அது வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தறித்தால் பலவீனமான செடி பட்டுப்போகும். "நம்மள மாதிரி விட்டவன்கிட்டயும் அப்பிடித்தான் மருமகனே. கூட்டாளிய வுடு, கடைய வுடு, சிரிப்ப வுடு, பேச்ச வுடுன்னா எங்கிட்டு மூச்சு வுடுறது?" என்றார். குடியை விட்டவருக்குக் கோயில் கூத்தோ, பந்தாட்டமோ, மாலையில் பேசச் சிரிக்க நாலு ஆட்களோ அந்தக் கிளையாக இருக்க வேண்டும். காமன் கூத்தில் காப்புக் கட்டி ஆடுபவர்களில் குடியை விட்டவர்களுக்கு ஓர் இடம் கொடுத்துப் பாருங்கள். அந்த மாசி மாதம் அவர்களுக்கு எவ்வளவு துணையாகிறது என்பது தெரியும்.

வீட்டில் இருப்பவர்களின் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் குடியை நிறுத்தினாலும் மனைவியின் காது நிறுத்துவதில்லை. செருப்புச் சத்தத்தின் தாளத்திலிருந்து அவர் எந்த நிலையில் வருகிறார் என்று கணித்தே பழகியவள் அவள். அவர் தெளிவாக வந்தாலும் அவளுடைய நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் ஓடுகிறது. அவளது குறைகளும் அந்தப் பயத்திலிருந்து வந்தவைதான்: சம்பளத்தை ஒளிப்பது, பிள்ளைகளிடம் எரிந்து விழுவது, அவர் திருந்தினாலும் நம்ப மறுப்பது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடியால் இழந்த பின், 1980இல் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே குடிப்பவருக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. அந்த வேதனையை அறிந்த ஒருவரால் குடும்பத்தைச் சேர்க்காமல் விட முடியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. லயத்துக் காம்பராவில் அந்த மனைவிக்கு அப்படி யாருமில்லை. அம்மன் கோயிலில் கண்ணீரோடு நிற்கிறாள். அவளுக்கும் ஒரு கொப்பி வேண்டும், கேட்க ஒரு காது வேண்டும். அவர் மாறினால் தானாகச் சரியாகிவிடும் என்று அவளை விட்டுவிடக்கூடாது.

உதவி வெகுதூரத்தில் இருக்கிறது என்பது இந்தப் பகுதியின் துயரம். 1924இல் பதுளைக்கு வந்துசேர்ந்த ரயில் பாதை இங்கேயே முடிந்துபோகிறது. கொழும்பிலுள்ள சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர போன்ற, குடியிலிருந்து மீள உதவும் நிலையங்களுக்குப் போக வேண்டுமானால் அந்த ரயிலில் ஏறக்குறைய ஒரு பகல் உட்கார வேண்டும். ஒரு நாள் பேர் போய்விடும். ஆகவே பக்கத்தில் இருப்பவர்கள்தான் துணை. அக்ரன் ஹோட்டலில் அந்தத் தரகர் தேடியதும் பெரிய நிபுணரை அல்ல, இதே பள்ளத்தில் விழுந்த இன்னொருவரைத்தான்.

மாமா இப்போது யாருக்கும் புத்தி சொல்வதில்லை. எவராவது குடியை விடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டால் அந்த வீட்டுக்குப் போகிறார். இஸ்தோப்பில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறார், தங்கச்சி கல்யாணக் கதை உட்பட. கை நடுக்கம் கண்டால் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார். அவருக்கு அது சேவையாகத் தோன்றவில்லை. "அவன்கிட்டச் சொல்றப்ப எனக்குத்தான் மறக்காம இருக்கு" என்கிறார்.

மலையகத்துக் கோயில் பரிபாலன சபையினரிடம் எனக்கொரு வேண்டுகோள் இருக்கிறது. குருசாமிமார்களே, மாலையைக் கழற்றும் நாளோடு பஜனையை நிறுத்தாதீர்கள். சரணம் சொல்ல விருப்பமில்லாவிட்டால் பாட வேண்டாம். சம்பள நாள் மாலையில் மட்டுமாவது கோயில் மண்டபத்தைத் திறந்து, பாயை விரித்து, தேத்தண்ணி ஊற்றி வையுங்கள். மாலை இல்லாமல் வருகிறவரையும் 'சாமி' என்றே கூப்பிடுங்கள். நேற்றுக் குடித்துவிட்டு இன்று வருகிறவருக்கும் அந்தப் பாயில் இடம் இருக்கட்டும். வாசலில் நின்று வாயை மோந்து பார்க்கும் ஆள் வேண்டாம். பெண்களுக்கு இன்னொரு மூலையில் இன்னொரு பாய் போடுங்கள். செலவென்று பார்த்தால் ஒரு பைக்கற் தேயிலை, ஒரு கிலோ சீனி. தேயிலைக்கு நம்மிடம் பஞ்சமில்லை.